விரோதத்துக்கு அத்தாட்சி தேவையில்லை

மதியம் ஒன்றரைக்குப் பதினேழாம் நம்பர் பஸ் டிப்போ வாசலில் வந்து நிற்கும். பின்படி வழியாக ஒரு பெண் கண்டக்டர் இறங்குவார். முன்படி வழியாக ஒரு டிரைவர் ஏறுவார். இருவருக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம்.

நடுவே கிடைக்கும் பத்து நிமிடம்தான் குடும்பம். வீட்டுச் சாவி கைமாறும். பிள்ளைக்கு இருமல் நின்றதா, குழாயில் தண்ணீர் வந்ததா என்ற செய்திகள் கைமாறும். சண்டை இருந்தால் அதுவும் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான். வெள்ளிக்கிழமை அவள் ஒன்று சொன்னால் மறுநாள் வரைக்கும் யோசித்து வைத்து அவர் பதில் சொல்வார். சராசரியாக ஒரு சண்டை முடிய ஒன்பது நாள் பிடித்தது.

அந்தத் துறையில் வார ஓய்வு இரண்டே நாள். ஒன்று செவ்வாய், இல்லாவிட்டால் வியாழன். அவளுக்குச் செவ்வாய். அவருக்கு வியாழன். மாற்றிக் கொடுங்கள் என்று ஆறு வருடமாக மனு எழுதினார்கள். ஆறு வருடமாக "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. ஏழாவது வருடம், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் இப்படி எழுதினாள்: "என் அப்பாவும் அம்மாவும் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்குள் நல்ல பழக்கம் உண்டு."

டீச்சர் அதற்கு 'நன்று' போட்டிருந்தார்.

அதைப் படித்த அன்றுதான் அவள் முடிவு செய்தாள். வாரத்தில் ஒரு நாள், ஒரே நாள், மூன்று பேரும் ஒரே கூரைக்குக் கீழே விழித்திருக்க வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வது.

டிப்போவில் அவளுக்குப் பெயர் ரைட்டக்கா. விசிலை எடுப்பதற்குள் குரலே முந்திக்கொண்டு "ரைட்!" என்று பாய்ந்துவிடும்.

*

சரியாக அந்த வாரம் டிப்போவுக்கு மின்மினிப் பெட்டி வந்து இறங்கியது.

துறை அதற்கு வைத்த பெயர் 'ஒத்திசைவு வார ஓய்வுப் பங்கீட்டு இயந்திரம்'. அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் ஊழியர்கள் மின்மினிப் பெட்டி என்றார்கள். பீரோ உயரம். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே நூற்று இருபத்தெட்டு குட்டி சர்க்யூட்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் மிளகு அளவு விளக்கு. ஒரு விளக்கு ஒரு ஊழியர். சிவப்பாக எரிந்தால் செவ்வாய் ஓய்வு, நீலமாக எரிந்தால் வியாழன். பின்பக்கம் எட்டாயிரத்துச் சொச்சம் திருகுகள். எந்த இரண்டு விளக்கை எடுத்துக்கொண்டாலும் அவற்றுக்கென்று ஒரு திருகு. வலது பக்கம் திருப்பினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து ஒரே நிறத்துக்கு வரப் பார்க்கும். இடது பக்கம் திருப்பினால் ஒன்றையொன்று தள்ளி எதிர் நிறத்துக்கு ஓடும். இரண்டு பக்கமும் ஏழு கோடுகள். ஏழுக்கு மேல் அன்பும் கிடையாது, வெறுப்பும் கிடையாது.

பெட்டியோடு கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்திருந்தான். காதில் எப்போதும் ஒரு திருப்புளி செருகியிருக்கும். அதனால் வந்த அன்றே அவன் பெயர் திருப்புளி ஆகிவிட்டது.

தொடக்க விழாவில் அவன்தான் விளக்கம் சொன்னான். "இது கம்ப்யூட்டர் மாதிரி ஒவ்வொரு வழியா எண்ணிப் பார்க்காதுங்க. இத்தனை பேருக்கு ரெண்டு நாளைப் பிரிச்சுக் குடுக்க எத்தனை வழி இருக்குன்னு எண்ண ஆரம்பிச்சா, நாம ரிட்டயர் ஆகி, சூரியனும் ரிட்டயர் ஆயிடும். இதுல எல்லா விளக்கும் ஒரே நேரத்துல இழுக்கும், தள்ளும். கடைசியில யாருக்கும் ரொம்ப உறுத்தாத ஒரு நிலையில அடங்கிடும். கிண்ணத்துல போட்ட கோலிக்குண்டு அடியில போய் நிக்குதே, அதே கதை."

மேடையில் இருந்த பொது மேலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். தேவையில்லாத இடத்தில் எல்லாம் அடிப்பார், வளைவில் அடிக்க மாட்டார்.

"கேட்டீங்களா?" என்றார் ஹாரன். "அடங்கிடும்! ஒரு தகரப் பெட்டிக்கு இருக்கற புத்தி நம்ம ஊழியர்களுக்கு எப்போ வரும்?"

மேடையில் இருந்த எட்டு அதிகாரிகளும் கைதட்டினார்கள்.

திருப்புளி சுவிட்சைப் போட்டான். உள்ளே விளக்குகள் சட்டென்று நடுங்க ஆரம்பித்தன. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். மழையில் மாட்டிய கோழிக்குஞ்சு மாதிரி பெட்டி முழுக்க ஒரே உதறல்.

ஹாரனின் புன்னகை அப்படியே நின்றது. "ஏன்யா நடுங்குது?"

"நாமதான் சார் நடுங்க வைக்கறோம். கோலிக்குண்டு பாதி வழியில ஒரு சின்னப் பள்ளத்துல சிக்கிக்கிச்சுன்னா? கிண்ணத்தைக் கொஞ்சம் ஆட்டினாத்தான் வெளியில வந்து அடிக்குப் போகும். முதல்ல நல்லா ஆட்டிட்டு, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா நிறுத்தணும்."

"அரசாங்க இயந்திரம் நடுங்கலாமா? ஜனங்க பார்த்தா என்ன நினைப்பாங்க? என்னோட முப்பது வருஷ சர்வீஸ்ல, எடுத்த முடிவுலேர்ந்து நான் ஒரு இஞ்ச் நகர்ந்ததில்லை. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் நகர்ந்ததில்லை! அந்த நிர்வாகத்துல ஒரு பெட்டி நடுங்குதா?"

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. நடுக்கத் திருகு பூஜ்யத்தில் வைத்து அரக்கு முத்திரை இடப்பட்டது.

திருப்புளி இன்னொன்றும் சொல்லிப் பார்த்தான். எல்லாரும் ஒரே நாளில் ஓய்வுக்குப் போய்விடாமல் பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் மற்றவர் மீது லேசாக ஒரு தள்ளல், வெறும் ஒன்று, வைத்தே ஆக வேண்டும். சட்ட அதிகாரி கோப்பைப் பார்த்துவிட்டுச் சிவப்பு மையால் அடித்தார்: "துறையே முன்நின்று ஊழியர்களுக்கு இடையே விரோதத்தைத் தூண்டியதாகும். ஊழியர் தாமாக முன்வந்து விண்ணப்பித்தால் மட்டும் ஆட்சேபணை இல்லை."

"எல்லாரும் ஒரே நாள் ஓய்வுக்குப் போயிட்டா பஸ்ஸை யார் ஓட்டறது?" என்று திருப்புளி முணுமுணுத்தது கோப்பில் ஏறவில்லை.

*

சேர்ந்து ஓய்வு வேண்டுபவர்கள் 'நெருக்கப் படிவம்' கொடுக்க வேண்டும். திருமணச் சான்றிதழ், மூன்று சாட்சிகள், சமீபத்தில் இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம். பிறகு நெருக்க மதிப்பீட்டுக் குழு நேரில் விசாரித்து, ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடும்.

ரைட்டக்கா எல்லாவற்றையும் கொண்டுபோனாள், புகைப்படம் தவிர.

குழுத் தலைவி நலன் அதிகாரி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டார். "சேர்ந்து எடுத்த போட்டோ ஏன் இல்லை?"

"சேர்ந்து இருந்தாத்தானே மேடம் எடுக்க முடியும்? அதுக்குத்தான் மனுவே."

"அப்போ சேர்ந்து இல்லைன்னு ஒத்துக்கறீங்க." எழுதிக்கொண்டார். "உங்க கணவர் எங்கே?"

"அவருக்கு இன்னிக்கு டூட்டி மேடம். வியாழக்கிழமை வருவார்."

"தனித்தனியாத்தான் வருவீங்களா?" அதையும் எழுதிக்கொண்டார். "தூங்கறப்போ குறட்டை விடுவாரா?"

ரைட்டக்கா திகைத்துப்போனாள். "தெரியலை மேடம். அவர் தூங்கறப்போ நான் பஸ்ல இருப்பேன். நான் தூங்கறப்போ அவர் பஸ்ல இருப்பார்."

"பதினோரு வருஷம் ஆச்சு, குறட்டையே தெரியலை." நலன் அதிகாரிக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "இவ்வளவு வருஷம் பார்க்காமலே சமாளிச்சிருக்கீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். இனிமேலும் சமாளிக்க முடியும்னு குழு நம்புது."

முடிவு ஒரு வாரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. ரைட்டக்கா தம்பதி: நெருக்கம் ஒன்று. அதற்கு மேல் வரிசையில் பொது மேலாளரும் அவரோடு கேரம் ஆடும் துணை மேலாளரும்: நெருக்கம் ஏழு, விசாரணை தேவைப்படவில்லை. காலியாக இருக்கும் உதவிப் பொறியாளர் பதவிக்குக்கூட ஒரு விளக்கு ஒதுக்கி, அதற்கும் ஹாரனுக்கும் நெருக்கம் நாலு என்று போட்டிருந்தார்கள். ஆளே இல்லாத நாற்காலிக்கு நாலு!

போர்டின் அடியில் ஒரு குறிப்பு. 'நெருக்கம் ஏழு மொத்தம் முப்பத்தாறு ஜோடிகளுக்கு மட்டுமே வழங்கப்படும். டிப்போவின் ஒன்பது அதிகாரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தாலும் முப்பத்தாறு வருவது தற்செயலானது.'

முதல் ஓட்டம் நடந்தது. மரபை மதித்து, விளக்குகளைப் பழைய பட்டியலின்படியே நிறுத்தி வைத்து ஆரம்பிக்க வேண்டும் என்று உத்தரவு. நடுக்கமும் கிடையாது; நடுக்கம் இல்லாவிட்டால் ஒன்று, இரண்டு அளவு இழுப்புக்கெல்லாம் விளக்கு அசையாது. பொட்டு அசைவு இல்லாமல் பெட்டி நின்றது. மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்று தடவையும் யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருந்தார்கள்.

ஹாரன் கண்கலங்கிப் பேசினார். "நாம போட்ட பழைய பட்டியல்தான் உலகத்துலயே சிறந்த பட்டியல்னு விஞ்ஞானம் இன்னிக்கு ஒத்துக்கிச்சு. மாற்றம், மாற்றம்னு கேட்டவங்க வெட்கப்படணும். உங்களுக்கு எது நல்ல இடம்? நீங்க இப்போ இருக்கற இடம்தான்!"

ரைட்டக்கா வெட்கப்படவில்லை. அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

*

மறுநாள் டூட்டி முடிந்து, டிக்கெட் பையைக் கொடுத்துவிட்டு வரும்போது, திருப்புளி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, மின்மினிக்குக் காவலா?"

"செத்த மின்மினிக்குங்க. பள்ளத்துல சிக்கின கோலிக்குண்டைப் பிடிச்சு அதுதான் அடின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. எங்க கம்பெனியில கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

ரைட்டக்கா அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இழுக்கறதுக்குத்தான் இவ்வளவு கெடுபிடி. தள்ளறதுக்கு யாரும் விண்ணப்பம் போடலையா?"

"அதுக்குத் தனியா விரோத அறிவிப்புப் படிவம்னு ஒண்ணு இருக்குக்கா. ஒரு கட்டு அடிச்சு வெச்சிருக்காங்க. ஒருத்தரும் வாங்கலை. யாராவது எனக்கு இவனைப் பிடிக்காதுன்னு ஆபீஸுக்கே எழுதிக் குடுப்பாங்களா?"

"காட்டு."

படிவம் ஒரே பக்கம்தான். அவள் வாய்விட்டுப் படித்தாள். "விரோதிகள் இருவர் ஒரே நாளில் ஓய்வில் இருந்தால் வெளியிடங்களில் சந்தித்து மோதி, துறையின் பெயரைக் கெடுக்க வாய்ப்புண்டு. எனவே அவர்களுக்கு வெவ்வேறு ஓய்வு நாள் வழங்கப்படும். சாட்சிகள் தேவையில்லை. காரணம் கூற வேண்டியதில்லை. ஏழு வரை விண்ணப்பதாரரே நிரப்பிக்கொள்ளலாம். எண்ணிக்கை வரம்பு இல்லை."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "ஏன் தம்பி, ஒருத்தரைப் பிடிக்கும்னு சொன்னா மூணு சாட்சி. பிடிக்காதுன்னு சொன்னா அப்படியே நம்பிடுவாங்களா?"

"அதுல அவங்களுக்குச் சந்தேகமே வராதுக்கா."

ரைட்டக்கா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் பஸ்ஸில் நின்றபடி மனுஷர்களைப் பார்த்தவள் அவள். கூட்டமான பஸ்ஸில் ஒரு கடுப்பான ஆள் ஏறினால் என்ன நடக்கும்? அவனைக் கண்டால் ஆகாதவர்கள் எல்லாரும் நகர்ந்து நகர்ந்து எதிர்ப்பக்கம் போவார்கள். போனவர்கள் ஒருவரையொருவர் அறிய மாட்டார்கள். ஆனால் ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"தம்பி, நானும் ஒருத்தரைத் தள்ளறேன். எங்க வீட்டுக்காரரும் அதே ஆளைத் தள்றார். அந்த ஆள் சிவப்பா இருந்தா நாங்க ரெண்டு பேரும்..."

திருப்புளியின் வாயில் சோறு அப்படியே நின்றது.

"ரெண்டு பேரும் நீலம்" என்றான் மெல்ல. பிறகு விழுங்கினான். "ரெண்டு தள்ளல் சேர்ந்தா ஒரு இழுப்பு. அக்கா, இதுக்குக் குழு கிடையாது, சாட்சி கிடையாது, எதுவுமே கிடையாது!"

"ஆள்தான் வேணும்" என்றாள் ரைட்டக்கா. "எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு விரோதி."

*

மறுநாள் ஒன்றரை மணிக்குக் குடும்பம் கூடியது. பத்து நிமிடம்.

"உன் தம்பி?" என்றார் கணவர்.

"அவன் இந்தத் துறையில இல்லீங்க. அதோட அவன் மேல உங்களுக்கு மட்டும்தான் காண்டு."

"டிக்கெட் பரிசோதகர்?"

"பாவம், அவர் நல்ல மனுஷன். போன மாசம்கூடப் பாப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தார். அவர் ஓய்வு நாளும் நிலையா நிக்காது. செவ்வாய்லேர்ந்து அசையாத ஆளா வேணும். எவ்வளவு தள்ளினாலும் நகராத ஆள்."

இருவரும் ஒரே நேரத்தில் டிப்போவின் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்கள். எட்டு அதிகாரிகள் எட்டுத் திருகுகளில் ஏழு ஏழாகச் செவ்வாயிலேயே பிடித்து வைத்திருக்கும் ஆள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"வேலைக்கு உலை வெச்சிடுவாங்கடி" என்றார் கணவர்.

"வெச்சா ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுல இருப்போம். அதைத்தானே கேட்கறோம்?"

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "குடு. நான் எங்கே கையெழுத்துப் போடணும்?"

படிவம் வாங்கும் ஜன்னலில் இருந்த கிளார்க் பெயரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரைட்டக்கா, தப்பா எழுதிட்டீங்க போலிருக்கு. ஒண்ணாம் நம்பர் விளக்கு பொது மேலாளரோடது."

"தெரியும். எண் புரியற மாதிரி இருக்கா?"

"ஏழுன்னு இருக்கு."

"ஏழுதான். முத்திரை போடுங்க."

மூன்றாம் நாள் விஷயம் பணிமனைக்குள் பரவிவிட்டது. அம்மாவைச் சேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முடியாத அண்ணன் தம்பி இரண்டு டிரைவர்கள் படிவம் கேட்டார்கள். நிச்சயமாகியும் ஒரு நாள்கூடச் சேர்ந்து துணிக்கடைக்குப் போக முடியாத மெக்கானிக்கும் கண்டக்டர் பெண்ணும் கேட்டார்கள். சும்மா சீட்டாட நாலாவது ஆள் கிடைக்காத மூன்று பேர் கேட்டார்கள். எல்லாருக்கும் தேவை ஒரு பொது விரோதி. யாரும் அதிகம் தேடவில்லை. வரிசை கேண்டீன் வரைக்கும் நீண்டது. ஐந்தாம் நாள் சாயங்காலம் கிளார்க் ஜன்னலைச் சாத்திவிட்டு, கடைசிப் படிவத்தைத் தானே எழுதி, தானே வாங்கி, தானே முத்திரை குத்தினார்.

மொத்தம் நூற்றுப் பதினெட்டு. அதிகாரிகள் ஒன்பது பேரைத் தவிர டிப்போவில் இருப்பவர்களே நூற்றுப் பதினெட்டுப் பேர்தான்.

*

ஹாரன் ரைட்டக்காவை மாடிக்குக் கூப்பிட்டார். மேஜையில் படிவக் கட்டு. முதல் படிவம் அவளுடையது.

அவள் உள்ளே போகாமல் கதவுப் பக்கம் நின்றுகொண்டாள்.

"உனக்கு என் மேல விரோதமா?"

"ஆமா சார்."

"ஏழா?"

"அதுக்கு மேல கோடு இல்லை சார்."

"என்ன காரணம்?"

"காரணம் சொல்ல வேண்டியதில்லைன்னு படிவத்துலயே இருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

ஹாரன் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே பணிமனையில் எல்லாரும் மேலே பார்க்காதது போல வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர் திரும்பியபோது அவர் முகத்தில் இருந்ததை ரைட்டக்கா கடைசி வரைக்கும் நம்பவில்லை. பெருமை!

"நூத்துக்கு நூறு" என்றார். "எனக்கு முன்னால இருந்த மேலாளர்களை எல்லாம் பாதிப் பேருக்குத்தான் பிடிக்காது. மீதிப் பேர் 'ஏதோ மனுஷன்'னு விட்டுடுவாங்க. அவங்க நிர்வாகியா? ஒரு ஆள்கூட மிச்சமில்லாம எல்லாரும் ஒருத்தனை வெறுக்கறாங்கன்னா, அந்த ஆள் எல்லார் மேலயும் ஒரே அளவு கவனம் வெச்சிருக்கான்னு அர்த்தம். பாரபட்சம் இல்லைன்னு அர்த்தம்! இதை விட ஒரு சான்றிதழ் உண்டா? அத்தனையும் ஏத்தச் சொல்லு. ஒண்ணு விடாம. தலைமையகத்து ஆணையரைக் கூப்பிட்டு அவர் முன்னாலயே ஓட்டப்போறேன்."

ரைட்டக்கா படியிறங்கி வந்து திருப்புளியிடம் சொன்னாள். "ஏத்தச் சொல்லிட்டார்."

"எத்தனை?"

"அத்தனையும்."

திருப்புளி காதிலிருந்த திருப்புளியை எடுத்தான்.

*

ஆணையர் வந்தார். ரிப்பன் வெட்டினார். பழைய பட்டியலின்படி பாதி சிவப்பும் பாதி நீலமுமாக விளக்குகள் காத்திருந்தன. கூட்டத்தின் கடைசி வரிசையில் ரைட்டக்கா விசிலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய விளக்கு ஐம்பத்திரண்டு. சிவப்பு. கணவருடையது ஐம்பத்து மூன்று. நீலம்.

திருப்புளி சுவிட்சைப் போட்டான்.

நடுக்கம் இல்லை, உதறல் இல்லை. ஐம்பத்திரண்டு நீலமானது. அவள் அதை மட்டும்தான் பார்த்தாள். மற்றவர்கள் பார்த்தது இதை: இடது மூலையிலிருந்து வலது மூலை வரைக்கும் கதவு திறந்த மாதிரி நீலம் பரவியது. மேல் வரிசையில் பத்து விளக்குகள் மட்டும் சிவப்பாக நின்றன. ஒன்பது அதிகாரிகள், ஒரு காலி நாற்காலி.

"நடுக்கமே தேவைப்படலைங்க" என்றான் திருப்புளி, வேலையில் கண்ணாக இருக்கும் குரலில். "கிண்ணத்துல ஒரே ஒரு பள்ளம்தான் இருக்கு. எங்கே போட்டாலும் குண்டு அங்கேதான் போகும்."

மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்று தடவையும் அதே.

"ஆஹா, என்ன ஒற்றுமை!" என்றார் ஆணையர். "நம்ம துறையில நான் இப்படி ஒரு கருத்தொற்றுமையைப் பார்த்ததே இல்லை." அந்த இடத்திலேயே சான்றிதழில் கையெழுத்திட்டார். ஹாரன் தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: 'இயந்திரத்தின் முடிவே இறுதி. ஓராண்டுக்கு எவராலும், எக்காரணம் கொண்டும் மாற்ற இயலாது.' அதன் கீழே ஒன்பது அதிகாரிகளும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். நீலம் எந்த நாள், சிவப்பு எந்த நாள் என்று யாரும் கேட்கவில்லை. விழாவில் பிஸ்கட் நன்றாக இருந்தது.

*

முதலில் செவ்வாய் வந்தது. அதிகாரிகள் ஒன்பது பேரும் ஓய்வு. டிப்போவில் ஊழியர்கள் மட்டும். காலை ஐந்து மணி பஸ் ஐந்து மணிக்குக் கிளம்பியது. யாரும் யாரையும் மாடிக்குக் கூப்பிடவில்லை. உடைந்து கிடந்த மூன்று பஸ்களை மெக்கானிக்குகள் யாரிடமும் கையெழுத்து வாங்காமல் சரிசெய்து ரோட்டுக்கு அனுப்பினார்கள். பதினேழாம் நம்பர் பஸ் அத்தனை நிறுத்தத்துக்கும் நேரத்துக்கு வந்ததால், வழக்கமாகத் தாமதத்தைக் கணக்கில் வைத்துக் கிளம்பும் பயணிகள் பலர் பஸ்ஸைத் தவற விட்டார்கள்.

புதன்கிழமை ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர்கள் சொன்னார்கள். "நாளைக்கு எங்க எல்லாருக்கும் ஓய்வுங்க. பஸ் வராது. ஏன்னு கேட்கணும்னா டிப்போவுக்கு வாங்க. அதிகாரிங்க எல்லாரும் டூட்டியில இருப்பாங்க." ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் முதல் பஸ்ஸுக்காரர்கள். அவர்களிடம் ரைட்டக்கா சங்கடத்தோடுதான் சொன்னாள். அவர்களில் மூத்தவள் கேட்டாள், "எங்க ஆஸ்பத்திரிக்கும் இந்தப் பெட்டி வருமா?"

வியாழக்கிழமை வந்தது.

டிப்போவில் ஒன்பது அதிகாரிகள். நாற்பத்தாறு பஸ்கள். கனரக வாகன லைசென்ஸ் ஒன்றுகூட இல்லை. வாசலில் பயணிகள் வந்து நின்று, விசாரணைக் கவுண்டர் எங்கே என்று கேட்டார்கள். சட்ட அதிகாரி கவுண்டரில் உட்கார்ந்து, ஒன்பது கையெழுத்துள்ள சான்றிதழை வாசித்துக் காட்டினார். கேரம் ஆடும் துணை மேலாளர் ஒரு பஸ்ஸைக் கிளப்பிப் பார்த்து, அதைக் கழுவுமிடத்துத் தொட்டிக்குள் நிறுத்தினார்.

ரைட்டக்கா வீட்டில் மணி பத்தரை. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கணவர் வெங்காயத்தைப் பஸ் டயர் அளவுக்கு வெட்டுகிறார் என்பதும் தெரிந்தது. வெட்டிய பிறகு, முந்தின ராத்திரி அவர் விட்ட குறட்டையைப் பற்றி இரண்டு பேருக்கும் வாக்குவாதம். மகள் வயிற்று வலி என்று சொல்லி லீவு போட்டுவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிற்று வலிக்காரியின் முகமாகவே அது இல்லை.

வாசலில் தட்டும் சத்தம்.

ஹாரன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பு முழுக்கப் புழுதி.

"உள்ள வாங்க சார்" என்றாள் ரைட்டக்கா. "தண்ணி குடிக்கறீங்களா?"

ஒரு செம்பு முழுக்க ஒரே மூச்சில் குடித்தார். "ஆணையர் போன் மேல போன் பண்றார். நீங்க ரெண்டு பேரும் இப்பவே டூட்டிக்கு வாங்க. நீங்க வந்தா மத்தவங்களும் வருவாங்க."

"இயந்திரத்தோட முடிவே இறுதின்னு போட்டிருக்கீங்களே சார். எக்காரணம் கொண்டும்னு வேற."

"அப்போ விரோதத்தை வாபஸ் வாங்கு."

"வாபஸுக்குப் படிவமே இல்லை சார். விரோதம் போகணும்னா அந்த இடத்துல நெருக்கம் வரணுமாம். அதுக்கு மூணு சாட்சி, குழு விசாரணை, நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ." அவள் குரலில் கேலியே இல்லை. விதியைச் சொல்லும்போது அவள் எப்போதும் இப்படித்தான் சொல்வாள்.

ஹாரன் குரலை இறக்கினார். "இதோ பாரு. குழு, சாட்சி எல்லாம் விடு. உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் ஏழு போட்டுத் தர்றேன். என் முப்பத்தாறுல ஒண்ணை விட்டுக் குடுக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

கணவர் சமையலறையிலிருந்து கத்தியோடு எட்டிப் பார்த்தார். ரைட்டக்கா அவரைப் பார்த்தாள். ஆறு வருடம் எழுதிய மனுக்கள் அத்தனைக்கும் பதில் இப்போது வாசற்படியில் வியர்த்துக்கொண்டு நிற்கிறது.

"எங்களுக்குத்தான் கிடைச்சிடுச்சே சார்" என்றாள்.

"வேற என்னதான் வேணும் உனக்கு?"

"ஒருத்தரைப் பிடிக்காதுன்னு சொன்னா கேள்வி கேட்காம நம்பினீங்க இல்ல? நூத்துப் பதினெட்டுப் பேர் சொன்னப்பவும் நம்பினீங்க. பிடிக்கும்னு சொன்னாலும் அதே மாதிரி நம்புங்க. எங்களை மட்டும் இல்லை, எல்லாரையும். சாட்சி கூடாது, குழு கூடாது. அந்த நடுக்கத் திருகு மேல இருக்கற அரக்கையும் உடைங்க. பெட்டி கொஞ்சம் நடுங்கட்டும்."

"அது எப்படி முடியும்? நெருக்கத்தை அப்படியே நம்பிட்டா நிர்வாகம் எதுக்கு? அதிகாரிங்க எதுக்கு? நான் எதுக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. மகள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"யோசிச்சுப் பாருங்க சார்" என்றாள் ரைட்டக்கா. "அவசரம் இல்லை. அடுத்த வியாழக்கிழமையும் நாங்க வீட்டுலதான் இருப்போம். ஆமா, எப்படி வந்தீங்க?"

"நடந்து."

"டிப்போவிலேர்ந்தா? நாலு கிலோமீட்டர் ஆச்சே!" அவள் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒரு கையைக் கதவில் வைத்தாள். "அப்போ இப்பவே கிளம்பிடுங்க சார். வெயில் ஏறிடும். வழியில பஸ் எதுவும் வராது."